பழைய பைக் அலாய் பளபளக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய பைக் வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்பது "எந்த பாலிஷ் வாங்கலாம்?" என்றுதான். கிளட்ச் கவர், செயின்கேஸ், ஃபோர்க் கால், பிரேக் பிளேட் என்று அலாய் (அலுமினியக் கலவை) பாகங்கள் ஒன்று மாற்றி ஒன்று மங்கிப்போய்க் கைக்கு வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பாலிஷில் குறை இருப்பது அபூர்வம். மேலே என்ன பூச்சு இருக்கிறது, அடியில் இருப்பது என்ன உலோகம் என்று பார்க்காமலே தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள், அங்கேதான் கோளாறு. அதனால் இங்கே அறிகுறி வாரியாகப் போகலாம். உங்கள் பாகம் எப்படி இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள், முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

## எதுவாக இருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான அலாய் மேல் எந்த கிளீனர் பட்டாலும் உடனே காய்ந்து திட்டுத்திட்டாகக் கறை பிடிக்கும், அப்புறம் அதைத் தேய்த்தெடுப்பது தனி வேலை. மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில், கவரின் அடிப்பக்கம் மாதிரி ஓர் இடத்தில், இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது அலாயே இல்லை, இரும்பின் மேல் குரோமோ நிக்கலோ பூசியது. கீழே வரும் உப்புத்தாள் வேலை எதையும் அதில் செய்யக் கூடாது, பூச்சு போய்விடும்.

ஒட்டவில்லை என்றால், வெள்ளைத் துணியில் கடுகளவு மெட்டல் பாலிஷ் எடுத்து அழுத்தித் தேயுங்கள். துணி கறுத்தால் அது பெரும்பாலும் வெறும் அலுமினியம். அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைத்துத் "இன்னும் வருகிறதே" என்று தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு, அது அலுமினியமே பொடியாகி வருவது, தேய்க்கும்வரை வந்துகொண்டுதான் இருக்கும். துணி கறுக்கவே இல்லை என்றால் மேலே ஏதோ பூச்சு இருக்கிறது.

அந்தப் பூச்சு இருக்கிறதா என்பதை மல்டிமீட்டர் உறுதியாகச் சொல்லிவிடும். பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து இரண்டு முனைகளையும் மேற்பரப்பில் மெல்லத் தொடுங்கள், குத்திக் கீற வேண்டாம். வெறும் அலுமினியம் என்றால் பீப் வரும். லாக்கரோ (வார்னிஷ் மாதிரியான பூச்சு) அனோடைசிங்கோ (அலுமினியத்தின் மேற்புறத்தையே ஆக்சைடாக மாற்றியது) இருந்தால் வராது, இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டில் எது என்று பிரிக்க, ஒரு சொட்டு பெயின்ட் ரிமூவரை அந்த மூலையில் வைத்து கால் மணி நேரம் விடுங்கள். சுருங்கிக் கிளம்பினால் லாக்கர். அசையாமல் அப்படியே இருந்தால் அனோடைசிங்.

கடைசியாக எடை. கழற்றிய பாகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். மெக்னீசியம் 1.7 சொச்சம்தான், துத்தநாகக் கலவையோ 6.6க்கு மேல். அளவுக்குச் சம்பந்தமில்லாமல் கனமாக இருந்தால் துத்தநாகம், காகிதம் மாதிரி இலேசாக இருந்தால் மெக்னீசியம் என்று சந்தேகப்பட வேண்டும். சில பழைய பைக்குகளின் கவர்களிலும் பந்தய பைக்குகளின் ஹப்களிலும் மெக்னீசியம் உண்டு. பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் மெக்னீசியம் உடனே நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். சோதித்ததும் தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுங்கள்.

மெக்னீசியம் என்று தெரிந்தால், துணிச் சக்கரத்தை (பஃப்) சுழற்றிப் பளபளப்பாக்கும் பஃபிங் மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் பொடி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும். அதற்கென்று பழகிய ஆளிடம் கொடுப்பதுதான் ஒரே வழி.

இன்னும் இரண்டு இடங்களில் கை வைக்கவே கூடாது. ஒன்று, கிரான்க்கேஸில் குத்தியிருக்கும் இன்ஜின் நம்பர். அதைத் தேய்த்து மழுங்கடித்தாலோ பக்கத்தில் உப்புத்தாள் தடம் இருந்தாலோ நம்பரைத் திருத்தியதாகத்தான் யாரும் நினைப்பார்கள், பைக்கின் பத்திரமே சிக்கலாகிவிடும். டேப் ஒட்டி மறைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இன்னொன்று, கேஸ்கெட் உட்காரும் முகம். அது மின்ன வேண்டிய இடம் இல்லை, சமமாக இருக்க வேண்டிய இடம். பஃபில் காட்டினால் விளிம்பு உருண்டுபோய் அப்புறம் எண்ணெய் கசியும்.

## துணி கறுக்கவே இல்லை, பளபளப்பும் வரவில்லை

லாக்கர் என்றால்: 1960களிலிருந்து 80கள் வரை வந்த ஜப்பான் பைக்குகள் பலவற்றில் கவர்களைத் தொழிற்சாலையிலேயே பாலிஷ் செய்து அதன் மேல் நிறமில்லாத லாக்கர் அடித்து அனுப்பியிருப்பார்கள். நீங்கள் தேய்ப்பது அந்த லாக்கரை. அது நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள், சோப்புத் தண்ணீரும் மெழுகும் போதும். மஞ்சளாகிப் போயிருந்தால் அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

அனோடைசிங் என்றால்: இது பூச்சு கூட இல்லை, அலுமினியத்தின் மேற்புறத்தையே கெட்டியான ஆக்சைடாக மாற்றியது. எந்தக் கை பாலிஷுக்கும் மசியாது. சில ரிம்கள், லீவர்கள், ஃபோர்க் மூடிகள் இப்படி இருக்கும். வெறுமனே மங்கலாக இருந்தால் நல்ல சோப்புக் கழுவலும் மெழுகும் போட்டு நிறுத்திக்கொள்ளலாம், என் கருத்தில் அதுதான் சரி. கீறலோ திட்டோ இருந்து எடுத்தே ஆக வேண்டும் என்றால் காஸ்டிக் சோடாக் கரைசலில் கரைப்பார்கள். அதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். அனோடைசிங் கரைந்து முடிந்த அடுத்த நொடியிலிருந்து காஸ்டிக் அலுமினியத்தைத் தின்ன ஆரம்பிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். அனோடைசிங் செய்யும் பட்டறையிலேயே உரித்தும் தருவார்கள். உரித்த பிறகு மறுபடி அனோடைஸ் செய்யப்போகிறீர்களா, பாலிஷிலேயே விடப்போகிறீர்களா என்று முன்பே முடிவு செய்துகொண்டு கொடுங்கள்.

காந்தமும் ஒட்டவில்லை, பீப்பும் வருகிறது, ஆனாலும் துணி கறுக்கவில்லை என்றால்: பித்தளையின் மேல் குரோம் பூசியதாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கும். குரோமுக்கான பாலிஷில் மெல்லத் துடைத்தால் போதும்.

## மஞ்சளாகிவிட்டது, உள்ளே புழு ஓடியது மாதிரி வெள்ளைக் கோடுகள்

லாக்கர் எங்கேயோ சிராய்த்துத் திறந்து, அந்த வழியாக ஈரம் உள்ளே போய், படலத்துக்கு அடியிலேயே அரிப்பு ஊர்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஸ்க்ரூத் தலைகளைச் சுற்றியும், பூட்ஸ் உரசும் கியர் லீவர் பக்கத்திலும் ஆரம்பிக்கும். மேலே என்ன தடவினாலும் அது கோடுகளைத் தொடாது. லாக்கரை முழுக்க எடுத்தே ஆக வேண்டும், பாதி எடுத்துவிட்டு மீதியோடு சேர்த்து மழுப்ப முடியாது, அந்த எல்லைக்கோடு எப்போதும் தெரியும்.

கவரைக் கழற்றுங்கள். பழைய ஜப்பான் பைக்கின் பிளஸ் தலை ஸ்க்ரூக்கள் அலாயில் பிடித்துக்கொண்டிருக்கும், சாதாரண ஸ்க்ரூடிரைவரால் முயன்றால் தலை வழுக்கிவிடும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். ஆயில் சீல், ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், கெமிக்கல் தாங்கும் கையுறை போட்டுக்கொண்டு பெயின்ட் ரிமூவரைக் கெட்டியாகத் தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மூடி வையுங்கள். சுருங்கிக் கிளம்பியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளுங்கள். எழுத்துகளின் இடுக்கில் பழைய பல் துலக்கும் பிரஷ். மீதி இருந்தால் இன்னொரு முறை. இரும்பு சுரண்டி வேண்டாம், ஒரே கீறலாகிவிடும்.

உரித்த பிறகு துணிச் சோதனையை எல்லா இடத்திலும் செய்யுங்கள், ஒரு தீவு மாதிரி லாக்கர் மிச்சமிருந்தாலும் பாலிஷில் அது தனியாகத் தெரியும். வெள்ளைக் கோடுகள் மேலோட்டமாக இருந்தால் 800 நம்பர் வாட்டர் பேப்பரிலேயே (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக் கூட மென்மையானது) போய்விடும். போகவில்லை என்றால் குழியாக இறங்கியிருக்கிறது, கீழே குழிகள் பற்றிய தலைப்புக்குப் போங்கள்.

திரும்ப லாக்கர் அடிக்கலாமா என்றால், கண்ணாடி மாதிரி மின்னும் அலுமினியத்தில் ஸ்ப்ரே லாக்கர் பிடித்து நிற்க இடமே இல்லை, ஒரு கல் பட்டால் போதும், அதே புழுக்கோடு மறுபடியும் ஓடும். வெறுமனே விட்டு அவ்வப்போது கையால் பாலிஷ் போடுவதையே நான் எப்போதும் சொல்வேன்.

## வெள்ளையாகப் பூத்துப்போயிருக்கிறது

சுவரில் உப்புப் பூப்பது மாதிரி அலாய் மேல் வெள்ளைப் பொடி கிளம்பியிருந்தால், அலுமினியம் ஈரத்தில் அரித்துக்கொண்டிருக்கிறது. உப்புக் காற்றும், உப்புத் தூவிய சாலையும், ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடி வைப்பதும் இதை வேகமாக்கும்.

*மெல்லிய படலம் மட்டும்:* மெட்டல் பாலிஷும் துணியும். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

*நகத்தால் சுரண்டினால் பொருக்காக வருகிறது:* பித்தளைக் கம்பி பிரஷால் உதிர்த்துவிட்டு, 600 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். இரும்புக் கம்பி பிரஷும் இரும்பு நாரும் வேண்டவே வேண்டாம். அவற்றிலிருந்து உடையும் நுண்ணிய இரும்புத் துணுக்குகள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்துகொள்ளும், சில நாளில் துருப்புள்ளியாக எழும், அதைச் சுற்றி அலுமினியமும் அரிக்கும்.

*ஸ்க்ரூக்களைச் சுற்றி வட்டமாக மட்டும் பூத்திருக்கிறது:* இரும்பு ஸ்க்ரூவும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம்தான் தின்னப்படும். கழற்றி, மரைகளைச் சுத்தம் செய்து, இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் (சீஸ் ஆகாமல்) தடுக்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவிப் போடுங்கள். கிரீஸ் போட்ட மரை சுலபமாகச் சுற்றும், அதனால் எப்போதும் முறுக்கும் அளவுக்குக் கொஞ்சம் குறைத்தே முறுக்குங்கள். மரையே பொடியாகி வந்தால் லேத் பட்டறையில் கொடுத்து ஹெலிகாயில் (புதிய மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போடச் சொல்ல வேண்டும்.

கடையில் கிடைக்கும் அலாய் பிரைட்னர் திரவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்போரிக் அமிலம் கலந்தவை நீர்த்த நிலையில், சில நிமிடம் மட்டும், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உதவும். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃப்ளோரைடோ கலந்ததை வாங்காதீர்கள். தோலில் பட்டால் அப்போது எரிச்சல்கூடத் தெரியாமல் இருக்கலாம், உள்ளே இறங்கி எலும்புவரை பாதிக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு எடுங்கள்.

## கழுவின பிறகு கறுத்துவிட்டது

இது நிறையப் பேரைப் பதற வைக்கும், ஆனால் பெரும்பாலும் சரியாகிவிடும். காரணம் கிட்டத்தட்ட எப்போதும் காரம்தான்: ஓவன் கிளீனர், காஸ்டிக், பாத்திரம் கழுவும் மெஷினுக்கான மாத்திரை, சில கடுமையான டீக்ரீசர்கள் (எண்ணெய்ப் பசை நீக்கிகள்). அலுமினியத்தை அவை அரிக்கும்போது கறுப்புப் படலம் மேலே தங்கிவிடும்.

முதலில் தண்ணீர், நிறையத் தண்ணீர். அப்புறம் மெட்டல் பாலிஷால் ஓர் இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு போய் அடியில் பழைய மினுமினுப்பு தெரிந்தால் முழுவதையும் அப்படியே முடித்துவிடலாம். கறுப்பு போய் அடியில் பால் மாதிரி மங்கலாக, சொரசொரப்பாக இருந்தால் மேற்பரப்பு அரித்துவிட்டது, 600 நம்பரிலிருந்து தாள் போட்டு ஏற வேண்டும். ஃபின்கள் (இன்ஜினை ஆற்றச் சிலிண்டரைச் சுற்றி இருக்கும் தகடுகள்) மாதிரி தாள் நுழையாத இடம் கறுத்திருந்தால் அதற்கு ஈர பிளாஸ்டிங் ஒன்றுதான் வழி, அது கீழே வருகிறது.

## பளபளக்கிறது, ஆனால் வெயிலில் கீறல் தெரிகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிழலில் கண்ணாடி மாதிரி இருக்கும், வெயிலில் சாய்த்தால் ஆயிரம் கோடு. பாலிஷை மாற்றிப் பயனில்லை, இன்னும் அழுத்தித் தேய்த்தும் பயனில்லை, ஏனென்றால் இந்தக் கோடுகள் பாலிஷ் கட்டத்தில் வந்தவை அல்ல. தாள் கட்டத்தில் தங்கிப்போனவை.

கோடுகள் நேராக, ஒரே திசையில், நகத்துக்குத் தட்டுப்படுகிறதா? முதலில் போட்ட முரட்டுத் தாளின் கீறல் அது. நடுவில் ஒரு நம்பரைத் தாண்டியிருப்பீர்கள், அல்லது அவசரமாக முடித்திருப்பீர்கள். 240 போட்டால் அடுத்து 400, அப்புறம் 600, 800, 1200, கையால் முடிப்பதாக இருந்தால் 2000 வரை. 240லிருந்து நேரே 800க்குத் தாவினால், 800 மேட்டை மட்டும் மழமழப்பாக்கும், 240இன் பள்ளம் அப்படியே கிடக்கும்.

ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள். 400ஐ மேலும் கீழுமாகத் தேய்த்தால் 600ஐ இடமும் வலமுமாக. 600 போட்டுத் துடைத்து, டார்ச்சைப் படுக்கையாக அடித்துப் பாருங்கள், மேலும் கீழுமாக ஒரு கோடுகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் 600 இன்னும் முடியவில்லை. ஒற்றைக் கோடு மட்டும் ஆழமாக நின்றால் அந்த இடத்துக்கு மட்டும் 400க்குத் திரும்பி, சுற்றிலும் அகலமாகப் பரப்பித் தேய்த்துவிட்டு மேலே வாருங்கள், ஒரே இடத்தில் குடைந்தால் பள்ளமாகிவிடும், மின்னும்போது அந்தப் பள்ளம் அலை அலையாகத் தெரியும்.

தட்டையான இடங்களில் தாளை விரலால் பிடிக்காமல் ரப்பர் கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். எழுத்துகள், சின்னம் எழும்பி நிற்கும் இடத்தில் கட்டையை வைக்காதீர்கள், மேடுகள் முதலில் தேய்ந்து பெயரே மழுங்கிவிடும், அங்கே விரலும் 800க்கு மேற்பட்ட தாளும்தான். எல்லாமே சோப்புத் தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ நனைத்துத்தான். காய்ந்த தாளில் அலுமினியப் பொடி அடைத்து உருண்டையாகி, அந்த உருண்டையே புதிதாகக் கீறும். நம்பர் மாறும்போது வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள், 240இன் ஒரு மணல் துகள் 1200இன் துணியில் மாட்டினால் எல்லாம் திரும்பவும்.

கோடுகள் வால்நட்சத்திரம் மாதிரி, ஒரு புள்ளியிலிருந்து வால் நீள்கிறதா? இது பஃபிங் மெஷினில் வருவது. வார்ப்பில் இருக்கும் சின்னத் துளைகளின் மேல் ஒரே திசையில் பஃப் ஓடினால் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு வால் இழுக்கும். அழுத்தத்தைக் குறைத்து, பாகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள்.

மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கிறதா? அதிக அழுத்தம், அதிக நேரம். கெட்டியான சிசல் நார் பஃபில் இப்படி ஆகும். 400க்குத் திரும்பிச் சமப்படுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

பஃபின் பாதையில் கறுப்புக் கோடா? பஃபிங் சோப்பு அதிகம். பஃபின் மேல் ஒரு விநாடி தொட்டால் போதும். ஒவ்வொரு சோப்புக்கும் தனி பஃப் வேண்டும்: வெட்டும் பழுப்புச் சோப்புக்கு ஒன்று, மினுக்கும் வெள்ளைச் சோப்புக்கு மெத்தென்ற காட்டன் பஃப் ஒன்று. ஒரே பஃபில் இரண்டையும் தடவினால் அந்த பஃப் வீண்.

மெஷின் பற்றி: 150 மில்லிமீட்டர் பஃப் நிமிடத்துக்கு 2,850 சுற்று ஓடினால் அதன் விளிம்பு விநாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் போகிறது. பாகத்தை எப்போதும் பஃபின் நடுக்கோட்டுக்குக் கீழே, கீழ்நோக்கிச் சுற்றும் பக்கத்தில் காட்டுங்கள். பாகத்தின் மேல்விளிம்பை அதன் எதிரே நீட்டினால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வீசும், பிரேக் லீவர் மாதிரி ஒல்லியான பாகம் என்றால் இன்னும் மோசம். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். தளர்ந்த சட்டையும் நூல் கையுறையும் கூடாது, பஃப் அவற்றைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். இரும்பு சாணை பிடிக்கும் அதே மெஷினில் அலுமினியம் பஃப் செய்யாதீர்கள், தேங்கிய அலுமினியப் பொடியில் தீப்பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும்.

ஹேண்டில் லீவர், ஃபோர்க் யோக், ரிம் மாதிரி எடை தாங்கும் பாகங்களில் 400க்குக் கீழே போகாதீர்கள். கீறலுக்காகக் கனத்தைக் குறைப்பது தேவையில்லாத வேலை. தேய்க்கும்போது மயிரிழை மாதிரி ஒரு கோடு எந்தத் தாளுக்கும் போகாமல் நின்றால் அதைக் கீறல் என்று விட்டுவிடாதீர்கள், விரிசலாக இருக்கலாம். பாலிஷ் அதை மூடி மறைத்துவிடும், அதுதான் ஆபத்து. வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, சாயம் ஊடுருவவிட்டு விரிசல் பார்க்கும் சோதனை செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

## குழி குழியாக இருக்கிறது

முதலில் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். நகத்தின் நுனி சிக்காத குழி 320இல் போய்விடும். நகம் நன்றாகச் சிக்கினால் சுற்றியிருக்கும் உலோகம் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டியிருக்கும், தடிமனான செயின்கேஸ் என்றால் சரி, மெல்லிய கவர் என்றால் யோசியுங்கள். கவரின் உள்பக்கத்திலும் அதே இடத்தில் அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இரண்டு பக்கமும் தேய்ந்து நடுவில் ஓட்டைதான் மிஞ்சும்.

சில குழிகள் அரிப்பே இல்லை, வார்க்கும்போது உள்ளே மாட்டிய காற்றுத் துளை. தேய்க்கத் தேய்க்கக் குறையாமல் புதிது புதிதாகத் திறந்தால் அதுதான். அங்கே நிறுத்திவிட வேண்டும். இரண்டு மூன்று புள்ளிகளோடு மின்னும் கவர் பழைய பைக்குக்கு அழகுதான், ஓட்டை விழுந்த கவர் யாருக்கும் பயன்படாது.

எபாக்சி பூசி நிரப்பலாம் என்று தோன்றும். பெயின்ட் அடிக்கும் பாகத்துக்குச் சரி, மின்ன வேண்டிய பாகத்தில் சாம்பல் திட்டாகவே நிற்கும். பெரிய பள்ளத்துக்கும் உடைந்த மூலைக்கும் டிக் வெல்டிங்தான் வழி, கொஞ்சம் செலவு பிடிக்கும். வார்ப்பில் பல வருட எண்ணெய் ஊறியிருக்கும், அதை நன்றாகச் சூடாக்கி எடுக்காமல் வெல்டிங் வைத்தால் பொரிப்பொரியாக வரும். ஆளிடம் கொடுக்கும்போதே பாலிஷ் செய்யப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள், வெல்டிங் கம்பியின் கலவை பொருந்தாவிட்டால் வெல்டிங் வைத்த இடம் நிறம் மாறித் தெரியும். கேஸ்கெட் முகத்துக்குப் பக்கத்தில் என்றால் வெல்டிங் முடிந்ததும் லேத் பட்டறையில் சமப்படுத்தவும் வேண்டியிருக்கும்.

## ஃபின்களுக்கு நடுவில் கருகிய எண்ணெய்

சிலிண்டர், ஹெட் ஃபின்கள் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டியவை அல்ல. வார்த்த நிறம் சுத்தமாகத் தெரிந்தால் போதும்.

முதலில் கசிவு எங்கே என்று பாருங்கள், அதை நிறுத்தாமல் கழுவினால் அடுத்த ஓட்டத்திலேயே திரும்பக் கருகும். அப்புறம் மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும், ஊறவிட்டு, மறுபடி. பெட்ரோலில் கழுவாதீர்கள், ஆவி தரையோடு ஊர்ந்துபோய் எங்கேயோ இருக்கும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். அதற்கும் போகாவிட்டால் அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும் டீக்ரீசர். ஹை பிரஷர் தண்ணீரை மேக்னீட்டோ, கார்புரேட்டர், வீல் பேரிங் பக்கம் காட்டக் கூடாது.

எதற்கும் மசியாத கருக்கலுக்கு ஈர பிளாஸ்டிங். தண்ணீரோடு கண்ணாடி மணிகளைக் கலந்து அடிப்பார்கள், பட்டு மாதிரி மெல்லிய சாம்பல் பளபளப்பு வரும். காய்ந்த மணல் பிளாஸ்டிங்குக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், அலுமினியத்தில் மணல் பதிந்து மேற்பரப்பே முரடாகிவிடும். எதுவாக இருந்தாலும் இன்ஜினை முழுக்கப் பிரித்த பிறகுதான். பூட்டிய இன்ஜினில் அடித்தால் மணிகள் ஆயில் வழியில் புகுந்து பேரிங்கை அரைத்துவிடும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு ஆயில் துளையையும், ஒவ்வொரு மரைத் துளையையும் சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ், காற்று என்று நீங்களே இன்னொரு முறை கழுவுங்கள், பட்டறைக்காரர் கழுவிவிட்டேன் என்று சொன்னாலும்.

பிரேக் பிளேட்டைக் கழற்றினால் தூசியைக் காற்றடித்தோ ஊதியோ எடுக்காதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். ஷூவைக் கழற்றாமல் பிளேட்டைப் பாலிஷ் செய்யவும் கூடாது, லைனிங்கில் பாலிஷோ மெழுகோ ஏறினால் பிரேக் பிடிக்காது.

## கொஞ்ச நாளிலேயே மங்கிவிடுகிறது

வெறும் அலுமினியம் மங்கத்தான் செய்யும். ஆனால் சீக்கிரமாக மங்கினால் பாலிஷின் எச்சம் இடுக்குகளில் நின்றிருக்கும், அது ஈரத்தை இழுக்கும். பாலிஷ் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, மெல்லிய சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவிச் சுத்தமான துணியால் எடுங்கள், எண்ணெய்ப் பசை எல்லாம் அதோடு வந்துவிடும்.

அப்புறம் மெழுகு. கார்னௌபா மெழுகு 82 முதல் 86 டிகிரிக்குள் உருகிவிடும், அதனால் ஃபோர்க் கால், ஹப், ரிம், செயின்கேஸில் நிற்கும், ஹெட் பக்கம் பூசுவது வீண். மழையில் ஓட்டினால் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிட்டு நிறுத்துங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதை விட, காற்று புகும் துணி நல்லது.

## கார்புரேட்டர் மட்டும் மற்றதோடு சேரவில்லை

பக்கத்தில் எல்லாம் மின்ன, கார்புரேட்டர் மட்டும் ஈயம் மாதிரி நிற்கிறது என்றால் அது அலுமினியமே இல்லை. பழைய பிரிட்டிஷ் பைக்குகளில் வரும் அமால் நிறுவனத்தின் மோனோபிளாக், பழைய கான்சென்ட்ரிக் போன்ற கார்புரேட்டர்களின் உடல் துத்தநாகக் கலவை. தேய்த்தால் மின்னும், ஆனால் நிறம் கொஞ்சம் நீலச் சாம்பலாக இருக்கும், சீக்கிரமே மங்கும். அது கோளாறு இல்லை, அந்த உலோகத்தின் இயல்பு. வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறப்போடாதீர்கள், துத்தநாகத்தை அமிலம் சீக்கிரம் தின்னும், கறுத்துச் சொரசொரப்பாகிவிட்டால் திரும்பாது.

வெளிப்பக்கத்தை மட்டும், ஜெட்டுகளை எல்லாம் கழற்றிய பிறகு, கையால் மெல்லத் தேயுங்கள். பஃபில் காட்டினால் சோப்பு சின்னத் துளைகளில் போய் இறுகிவிடும், அப்புறம் ஐடிலிங் நிற்காது, காரணமும் புரியாது. ஸ்லைடு (ஆக்சிலரேட்டரைத் திருகினால் மேலே ஏறும் பாகம்) ஓடும் துளையின் உள்சுவரைத் தொடவே வேண்டாம், அங்கே கொஞ்சம் தேய்ந்தாலும் காற்று கசியும். இன்ஜினோடு பொருத்தும் ஃபிளாஞ்சின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் நட்டுகளை அதிகம் முறுக்கி வளைந்திருக்கிறது. கண்ணாடிப் பலகையில் 600 தாளை விரித்து எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்துச் சமப்படுத்தலாம். அதிலும் அடங்காத வளைவு என்றாலோ, ஸ்லைடு துளையே தேய்ந்து ஸ்லைடு லொடலொடவென்று ஆடினாலோ, கார்புரேட்டர் துளைக்கு ஸ்லீவ் போடும் ஆளிடம் கொடுங்கள்.